ஜான் செல்டனின் நூலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

17ஆம் நூற்றாண்டு லண்டனில் வழக்கறிஞராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் வாழ்ந்தவர் ஜான் செல்டன். அவர் சேர்த்த புத்தகங்களில் பெரும்பகுதி இன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அஸ்டெக் ஓவியச் சுவடியைப் பற்றியோ பழைய சீனக் கடல் வரைபடத்தைப் பற்றியோ எங்காவது படித்தவர்களுக்கு இவர் பெயர் கண்ணில் பட்டிருக்கும். அப்படிப் படித்துவிட்டுக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

யார் இந்த ஜான் செல்டன்?

1584இல் தென் இங்கிலாந்தின் சசெக்ஸில், சால்விங்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். வசதியான குடும்பம் அல்ல. தந்தை சிறு நிலமும் இசைத் திறமையும் உடையவர். சிச்செஸ்டர் பள்ளியிலிருந்து ஆக்ஸ்போர்டு சென்றார். பிறகு லண்டனின் வழக்கறிஞர் சங்கங்களில் ஒன்றான இன்னர் டெம்பிளில் சேர்ந்து 1612இல் வழக்கறிஞர் ஆனார். நீதிமன்றத்தில் நின்று வாதாடியதைவிட, அறையில் உட்கார்ந்து ஆலோசனை சொல்வதும் சொத்துப் பத்திரங்கள் எழுதுவதுமே அவருடைய தொழிலில் அதிகம்.

அரசியலில் அவர் மன்னர் முதலாம் சார்லஸின் வரம்பற்ற அதிகாரத்தை எதிர்த்த அணியில் இருந்தார். காரணம் காட்டாமல் யாரையும் சிறையில் அடைக்கக்கூடாது, நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் வரி வசூலிக்கக்கூடாது என்று கோரிய 1628ஆம் ஆண்டின் உரிமை மனுவுக்கான வாதங்களை அடுக்கியவர்களில் அவர் முக்கியமானவர். 1640இல் கூடிய நாடாளுமன்றத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் உறுப்பினர். 1654 நவம்பர் 30 அன்று இறந்தார். உடல் லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

வழக்கறிஞர் நூலகம் என்றால் சட்டப் புத்தகங்கள்தானே இருந்திருக்கும்?

சட்டப் புத்தகங்கள் இருந்தன. ஆனால் அவை மட்டும் இருந்திருந்தால் இன்று இந்த நூலகத்தைப் பற்றிப் பேச யாருக்கும் தேவை இருந்திருக்காது. எபிரேயம், அரமேயம், அரபு, சிரியாக், கிரேக்கம், லத்தீன், பழைய ஆங்கிலம் என்று பல மொழிகளில் அச்சு நூல்களும் கையெழுத்துச் சுவடிகளும் அங்கே இருந்தன. யூதச் சட்ட நூல்கள், அரபு மருத்துவ நூல்கள், துறவி மடங்களின் சொத்துப் பதிவேடுகள், தெருவில் விற்ற ஒற்றைத்தாள் பாட்டுகள் ஆகியவையும் இருந்தன. கிரேக்கக் கல்வெட்டுகள் பொறித்த பளிங்குக் கற்களைக்கூட அவர் சேர்த்து வைத்திருந்தார்.

இவ்வளவும் எதற்கு? செல்டன் எதையும் சாட்சியாகப் பார்த்தவர் என்பதே என் பதில். ‘இது காலங்காலமாக இப்படித்தான்’ என்று யாராவது சொன்னால், ‘எந்த ஆவணத்தில் இருக்கிறது, எந்த ஆண்டு எழுதியது?’ என்று கேட்பது அவர் வழக்கம். 1618இல் தசமபாகத்தின் வரலாறு பற்றி அவர் எழுதிய நூல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுப்பது கடவுள் விதித்த கடமை என்று பாதிரிமார்கள் சொல்லிவந்தார்கள். செல்டன் மடத்துப் பதிவேடுகளையும் பழைய பட்டயங்களையும் வரிசைப்படுத்தி, அந்த வழக்கம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது என்று காட்டினார். இறையியலுக்குள் அவர் போகவே இல்லை. தாள்களை எடுத்து முன்னால் வைத்தார், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது. தேவாலய விசாரணை மன்றம் அவரை வரவழைத்து வருத்தம் தெரிவிக்க வைத்தது, நூலும் முடக்கப்பட்டது.

அப்படி ஒருமுறை சூடுபட்டவர் ஆவணம் தேடுவதை நிறுத்திவிடவில்லை. அதற்குப் பிறகுதான் அவருடைய சேகரிப்பு பெரிதானது. இந்த மனிதர்மீது எனக்கு மதிப்பு உண்டாவது முதலில் இந்த இடத்தில்தான்.

மொத்தம் எத்தனை நூல்கள்?

போட்லியனுக்கு வந்தவை சுமார் 8,000. அந்த நூலகம் 1602இல் திறந்ததிலிருந்து அதுவரை ஒரே ஆளிடமிருந்து இவ்வளவு வந்ததில்லை. தலைமை நீதிபதியாக இருந்த எட்வர்ட் கோக்கின் நூலகமே அவருடைய கடைசிக் காலத்துப் பட்டியலின்படி சுமார் 1,200 நூல்கள்தான். அக்காலத்தில் அதுவே பெரிய நூலகம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செல்டனின் பசி புரியும்.

இத்தனையையும் எங்கே வைத்திருந்தார்? பணம் எங்கிருந்து வந்தது?

இன்னர் டெம்பிளில் அவருக்கு அறைகள் இருந்தன. அதை ஒட்டிய வைட்ஃபிரையர்ஸ் பகுதியில் கென்ட் பிரபு குடும்பத்தின் மாளிகை இருந்தது. அந்தப் பிரபுவின் சொத்து விவகாரங்களைப் பல ஆண்டுகள் செல்டன் கவனித்துவந்தார். 1639இல் பிரபு இறந்த பிறகும் அவருடைய மனைவி எலிசபெத் கிரேயின் வீட்டிலேயே வாழ்ந்தார். இருவரும் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டதாக அப்போதே பேச்சு இருந்தது. செல்டனுக்கு மனைவி மக்கள் என்று வெளிப்படையான குடும்பம் இல்லை. தொழிலில் வந்த வருமானமும் அந்த வீட்டின் வசதியும் புத்தகமாக மாறின.

சிறையில் இருந்தபோதும் படித்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1629 மார்ச் 2 அன்று நாடாளுமன்றத்தை ஒத்திவைக்க மன்னர் ஆணையிட்டபோது, தீர்மானங்கள் நிறைவேறும்வரை அவைத்தலைவரை நாற்காலியிலிருந்து எழவிடாமல் உறுப்பினர்கள் பிடித்து அமுக்கினார்கள். அடுத்த சில நாட்களில் செல்டன் உட்படப் பலர் கைது செய்யப்பட்டார்கள். அவருடைய படிப்பறைக்கு அரசு முத்திரை வைத்தது.

லண்டன் கோபுரத்தில் அடைபட்டிருந்தவர் தன் நண்பர் சர் ராபர்ட் காட்டனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. இங்கே எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, வெஸ்ட்மின்ஸ்டர் நூலகத்தில் பாபிலோனியத் தால்முத் பல பெரிய தொகுதிகளாக இருக்கிறது, அதைக் கடன் வாங்கித் தர முடியுமா என்பது அதன் சாரம். தால்முத் என்பது யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பு. அவர் கிறிஸ்தவர், இங்கிலாந்தில் அப்போது யூதர்கள் வெளிப்படையாக வாழ அனுமதியே இல்லை. கற்றுத்தர ரபி ஒருவரும் பக்கத்தில் இல்லாத நிலையில் அரமேய மொழிச் சட்ட விவாதங்களைத் தோண்டினார். இயற்கைச் சட்டம் பற்றி 1640இலும் யூதத் திருமணச் சட்டம் பற்றி 1646இலும் அவர் வெளியிட்ட பெரிய நூல்களுக்கு அந்தப் படிப்பே அடித்தளம்.

யார் அந்த ராபர்ட் காட்டன்? அவர் நூலகமும் பெயர்பெற்றதுதானே?

ஆம். செல்டனின் நண்பரான அவரும் பழஞ்சுவடிகள் சேர்த்தவர். பழைய ஆங்கிலக் காவியமான பியோவுல்ஃபின் ஒரே பழம் பிரதி அவர் அலமாரியில்தான் இருந்தது. செல்டனின் பல ஆய்வுகளுக்குத் தீனி போட்டது அந்த நூலகமே. அரசுக்கு எதிரான வாதங்களுக்கான ஆவணங்கள் அங்கிருந்துதான் போகின்றன என்று மன்னர் தரப்பு கருதியது. 1629இல் அதைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். தன் சொந்த நூலகத்துக்குள் நுழைய முடியாமலே 1631இல் காட்டன் இறந்தார். பழைய தாள்கள் எவ்வளவு அபாயமானவை என்பதை அரசாங்கம் அன்றே நன்றாகப் புரிந்துவைத்திருந்தது.

ஒரு நூல் செல்டனுடையது என்று எப்படி அறிவது?

பல நூல்களின் முதல் பக்கத்தில் கிரேக்க எழுத்தில் ஒரு வரியைத் தன் கையால் எழுதியிருப்பார்: ‘எல்லாவற்றுக்கும் மேலாக விடுதலை’. போட்லியனின் சுவடி எண்களிலும் அவர் பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

மெக்சிகோ ஓவியச் சுவடி அவர் கைக்கு எப்படி வந்தது?

மெண்டோசா சுவடி என்று அழைக்கப்படும் இது 1540களில் மெக்சிகோ நகரில் உருவானது. அஸ்டெக் ஓவியர்கள் தங்கள் மரபில் படங்களை வரைய, பக்கத்திலேயே ஸ்பானிய மொழியில் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. முதல் பகுதி அரசர்களும் அவர்கள் வென்ற ஊர்களும்; இரண்டாவது, அந்த ஊர்கள் கட்டிய கப்பம்; மூன்றாவது, மக்களின் அன்றாட வாழ்க்கை.

1553இல் அது பிரான்சு அரசவையைச் சேர்ந்த ஆந்த்ரே தெவே என்பவர் கையில் இருந்தது. தன் பெயரையும் ஆண்டையும் அதில் எழுதி வைத்திருக்கிறார். ஸ்பெயினுக்குப் போகும் வழியில் பிரெஞ்சுக் கடற்கொள்ளையர் பறித்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவரிடமிருந்து ஆங்கிலேயர் ரிச்சர்ட் ஹக்லூட், அவருக்குப் பின் பயண நூல் தொகுத்த சாமுவேல் பர்ச்சஸ், பிறகு செல்டன். பர்ச்சஸ் 1625இல் இதன் படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டிருந்தார்.

மூன்றாம் பகுதியில் குழந்தை வளர்ப்பைக் காட்டும் பக்கங்கள் உண்டு. பிள்ளையின் வயது படத்துக்கு மேலே நீல நிறப் புள்ளிகளாக இருக்கும். ஒரு வேளைக்கு எத்தனை சோள ரொட்டி என்பதும் வரையப்பட்டிருக்கும். பதினோரு புள்ளிகளுக்குக் கீழே ஒரு படம். சொன்ன பேச்சு கேட்காத பையனைத் தந்தை இறுகப் பிடித்து, எரியும் காய்ந்த மிளகாயின் புகைக்கு நேரே முகத்தைக் காட்டுகிறார். பையனின் கண்களிலிருந்து நீர் வழிகிறது. மிளகாய் கருகிய நெடி நமக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக்கு விளக்கமே தேவைப்படாது.

இது தவிர மெக்சிகோவைச் சேர்ந்த வேறு இரண்டு சுவடிகளும் செல்டனிடம் இருந்தன. அவற்றில் ஒன்று மான்தோலை மடித்துச் செய்த மிஷ்டெக் மக்களின் வம்சாவளி. அதன் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் இன்னும் பழைய ஓவியங்கள் மறைந்திருப்பதை நவீன ஒளிப்பட முறைகளால் ஆய்வாளர்கள் கண்டறிந்து 2016இல் அறிவித்தார்கள்.

அவரால் இவற்றையெல்லாம் படிக்க முடிந்ததா?

எபிரேயமும் அரபும் படித்தார். மெக்சிகோ ஓவிய எழுத்தையும் சீனத்தையும் படிக்க அவருக்கு வழியில்லை. இருந்தும் வாங்கினார், காப்பாற்றினார். தனக்குப் படிக்கத் தெரியாத சாட்சியமும் சாட்சியம்தான், பின்னால் வருபவர் யாராவது படிப்பார் என்று ஒருவர் நினைத்தால் மட்டுமே இது நடக்கும். படிக்கத் தெரிந்ததை மட்டும் சேர்ப்பவர்கள் எக்காலத்திலும் நிறையப் பேர். இன்று செல்டன் நினைக்கப்படுவதற்கு அவரால் படிக்க முடியாத மறுபாதிதான் காரணம் என்பேன்.

சீன வரைபடம் பற்றிச் சொல்லுங்கள். அது ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

ஏறத்தாழ 160 செ.மீ. உயரம், 96 செ.மீ. அகலத்தில் காகிதத்தில் வரைந்து வண்ணம் தீட்டிய வரைபடம் இது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. உயிலின் பிற்சேர்க்கையில் செல்டனே இதைத் தனியாகக் குறிப்பிடுகிறார்: சீனாவிலேயே வண்ணத்தில் செய்த வரைபடம், உடன் அவர்களுடைய கடல் திசைகாட்டி ஒன்று, இரண்டையும் ஓர் ஆங்கிலேயத் தளபதி கைப்பற்றினார், பெரும் தொகை தருகிறோம் என்று வற்புறுத்தியும் திருப்பித் தரவில்லை. அந்தத் தளபதி யார் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. எவருடைய உடைமையோ பறிக்கப்பட்டது, அவர்கள் அதை மீட்கக் கெஞ்சினார்கள் என்பதை மட்டும் செல்டனின் வரிகளே சொல்கின்றன. இந்த வரைபடத்தின் அழகைப் பேசும்போது அந்த இழப்பையும் சேர்த்தே பேச வேண்டும்.

1687இல் ஷென் ஃபூத்சொங் என்ற சீன இளைஞர் ஆக்ஸ்போர்டு வந்தபோது, போட்லியன் நூலகர் தாமஸ் ஹைட் அவரோடு உட்கார்ந்து ஊர்ப்பெயர்களுக்கு லத்தீனில் குறிப்பு எழுதினார். பிற்காலத்தில் தாள் நொறுங்கத் தொடங்கியது. ஆய்வுலகம் இப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டது. 2008இல்தான் அமெரிக்க வரலாற்றாய்வாளர் ராபர்ட் பேச்சலர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, சீனத் துறைமுகத்திலிருந்து மெல்லிய மைக்கோடுகள் கடல் முழுவதும் பரவிப் போவதைக் கவனித்தார். அவை கப்பல் வழிகள்.

சீனாவில் அக்காலத்தில் வரைந்த வரைபடங்களில் பேரரசின் நிலப்பரப்பே பெரும்பாலான இடத்தை அடைத்துக்கொள்ளும். இதில் நடுவே இருப்பது தென்சீனக் கடல். ஜப்பான், பிலிப்பைன்ஸ், வியட்நாம், மலாக்கா, ஜாவா எல்லாம் வணிகன் கண்ணில் தெரியும் அளவில் சுற்றிலும் இருக்கின்றன. மேலே ஒரு திசைகாட்டியும் அளவுகோலும் வரையப்பட்டிருக்கின்றன. சீன வரைபடங்களில் இது மிக அரிது. இடது ஓரத்தில் நம் கரையும் தலைகாட்டுகிறது. கள்ளிக்கோட்டையின் பெயரை எழுதி, அங்கிருந்து ஏடன், டோஃபார், ஹொர்முஸ் துறைகளுக்கு எந்தத் திசையில் போக வேண்டும் என்று ஒரு கட்டத்துக்குள் குறித்திருக்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. கடல் எவருக்கும் சொந்தமில்லை என்று டச்சுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் 1609இல் எழுதினார். கடலுக்கும் உடைமை உரிமை உண்டு என்று 1635இல் நூல் எழுதி மறுத்தவர் இதே செல்டன். அவருடைய வாதம் எனக்கு உடன்பாடில்லை. அது ஆங்கில மன்னரின் மீன்பிடி உரிமைக்கும் கடலாதிக்கத்துக்கும் துணைபோன வாதம். ஆனால் அந்தச் சண்டையின் இரு தரப்பும் ஐரோப்பியர்கள். கீழைக்கடலில் நாள்தோறும் கப்பல் ஓட்டிய ஆசிய வணிகர்களின் சாட்சியம் செல்டனின் வீட்டிலேயே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

நூலகத்தை ஆக்ஸ்போர்டுக்கே எழுதிவைத்தாரா?

முழுவதையும் அல்ல. கீழைமொழிச் சுவடிகள், கிரேக்கச் சுவடிகள், யூத நூல்கள் ஆகியவற்றையே பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மற்ற நூல்களை என்ன செய்வது என்பதை, பிற்காலத்தில் தலைமை நீதிபதியான மேத்யூ ஹேல் உள்ளிட்ட நான்கு உயில் நிறைவேற்றுநர்களின் பொறுப்பில் விட்டார்.

இதைச் சுற்றி நெடுங்காலமாக ஒரு கதை உலவுகிறது. செல்டன் ஒரு சுவடியைக் கடன் கேட்டாராம். பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்தால்தான் தருவோம் என்று போட்லியன் சொன்னதாம். கோபத்தில் மொத்த நூலகத்தையும் கொடுக்கும் எண்ணத்தை மாற்றிக்கொண்டாராம். போட்லியன் வெளியே புத்தகம் கொடுக்காது என்பது நிஜம். 1645இல் மன்னர் சார்லஸே கேட்டும் மறுத்த நூலகம் அது. ஆனால் இந்தக் கோபக் கதைக்கு நான் அதிக எடை தர மாட்டேன். எது எப்படியிருந்தாலும் முடிவெடுத்தவர்கள் அந்த நால்வர். ஏலம் விட்டிருந்தால் ஒரே வாரத்தில் லண்டன் புத்தக வியாபாரிகள் பங்குபோட்டிருப்பார்கள். நால்வரும் அப்படிச் செய்யாமல், நூலகம் சேர்ந்தே இருக்கட்டும் என்று 1659இல் ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பினார்கள். சேர்த்தவருக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது இவர்களுக்குச் சேர வேண்டும்.

நூல்கள் வந்து சேர்ந்தபோது நேரில் பார்த்தவர் யாராவது எழுதியிருக்கிறார்களா?

ஆக்ஸ்போர்டின் வரலாற்றை எழுதிய அந்தோனி வுட் எழுதியிருக்கிறார். நூலகர் தாமஸ் பார்லோவுடன் சேர்ந்து, பல வாரங்கள் அந்தப் புத்தகங்களைப் பிரித்து, மாடிக்குச் சுமந்து, அடுக்கும் வேலையைச் செய்தவர் அவர். சில புத்தகங்களைத் திறந்தபோது உள்ளே மூக்குக்கண்ணாடிகள் கிடைத்தன. படித்த இடத்தில் அடையாளத்துக்கு வைத்துவிட்டு எடுக்க மறந்திருக்கிறார் செல்டன். ஒன்றல்ல, பல. பார்லோ அவற்றில் ஒன்றை வுட்டிடம் கொடுத்தார். செல்டனின் நினைவாக வுட் அதைத் தன் இறுதிவரை வைத்திருந்தார்.

எல்லா நூல்களும் தப்பித்தனவா?

இல்லை. மருத்துவ நூல்கள் சில லண்டன் மருத்துவர் கல்லூரிக்குப் போயின. மடங்களின் பதிவேடுகளும் ஆங்கில வரலாற்றுச் சுவடிகளும் அடங்கிய எட்டுப் பெட்டிகள் டெம்பிளில் ஏற்பட்ட தீவிபத்தில் அழிந்ததாகச் சொல்லப்படுகிறது. தசமபாக நூலுக்கு உழைத்த மனிதரின் பதிவேடுகள் என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது. தெருப்பாட்டுத் தாள்கள் மட்டும் எதிர்பாராத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன: நாட்குறிப்புக்குப் பெயர்பெற்ற சாமுவேல் பீப்ஸின் பாட்டுத் தொகுப்பு கேம்பிரிட்ஜில் இருக்கிறது, அதன் முகப்பிலேயே, செல்டன் தொடங்கி வைத்தது என்று பீப்ஸ் எழுதியிருக்கிறார்.

தன் நூலகத்தை மட்டும்தான் கவனித்தாரா?

உள்நாட்டுப் போர்க் காலத்தில் பேராயர் பதவி ஒழிக்கப்பட்டபோது பேராயரின் லண்டன் இருப்பிடமான லாம்பெத் அரண்மனையின் நூலகம் சிதறிப்போகும் அபாயம் வந்தது. பழைய உயில் ஒன்றின் நிபந்தனையைச் சுட்டிக்காட்டி, அதைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்ப வாதாடியவர் செல்டன். நாடு அமைதியானதும் நூல்கள் லாம்பெத்துக்கே திரும்பின. 1648இல் எபிரேய நூல்களின் தொகுப்பு ஒன்றை நாடாளுமன்றம் 500 பவுனுக்கு வாங்கிக் கேம்பிரிட்ஜுக்குக் கொடுத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இன்னும் புதிதாக ஏதாவது கிடைக்கிறதா?

கிடைக்கிறது. செல்டன் வைத்திருந்த 8ஆம் நூற்றாண்டு லத்தீன் விவிலியப் பகுதி ஒன்றில், மை இல்லாமல் கூர்முனையால் கீறப்பட்ட ‘ஈட்பர்க்’ என்ற பெண்ணின் பெயர் பல இடங்களில் இருப்பதை முப்பரிமாணப் படமெடுப்பின் மூலம் கண்டு 2022இல் வெளியிட்டார்கள். வெறுங்கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாத கீறல்கள் அவை.

இன்று பார்க்க முடியுமா?

முடியும். போட்லியனின் பழைய வாசிப்புக்கூடத்தின் மேற்குக் கோடிக்கு இன்றும் ‘செல்டன் எண்ட்’ என்று பெயர். வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுலாவில் அந்தக் கூடத்தைப் பார்க்கலாம். சுவடிகளை எடுத்துப் படிக்க ஆய்வாளர் அனுமதி வேண்டும். மெண்டோசா சுவடியும் சீன வரைபடமும் போட்லியனின் இணையதளத்தில் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கக் கிடைக்கின்றன. மெண்டோசாவுக்கு மெக்சிகோவின் தேசிய மானுடவியல் நிறுவனமும் 2015இல் தனி இணையப் பதிப்பு வெளியிட்டது. ஸ்பானிய விளக்கங்களை எழுத்துப்பெயர்த்துக் கொடுத்திருப்பதால் முதலில் அதையே பாருங்கள். வரைபடத்தோடு வந்த திசைகாட்டி, நூலகத்துக்கு மிக அருகே பிராட் தெருவில் இருக்கும் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.